வயதானவருக்கு எந்த வலிப்பு மருந்து? இதயத்தையும் பார்த்து முடிவெடுக்க

பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. கன்னத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வந்த நரம்பு வலிக்குக் கார்பமாசெபின் கொடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு, இதயத் துடிப்பையும் குறைக்கும் அட்டெனலால் பல வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. கார்பமாசெபின் அளவைக் கூட்டிய மூன்றாவது வாரம், குளியலறை வாசலில் சாய்ந்துவிட்டார். கைகால் இரண்டு மூன்று தடவை வெட்டியது. ஃபிட்ஸ் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வலிப்புக்கும் அதே மருந்துதானே, இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன என்ற பேச்சுகூட வந்தது. ஈசிஜி எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்க வேண்டிய மின்னோட்டம் நடுவழியில் தடைபட்டிருந்தது. மருந்தை நிறுத்திய சில நாட்களில் துடிப்பு ஏறியது.

வலிக்கு மருந்து எழுதியவருக்கு அட்டெனலால் பற்றித் தெரியாது. அட்டெனலால் எழுதியவருக்குக் கார்பமாசெபின் பற்றித் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்த நாங்கள்தான், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். 60 வயதைத் தாண்டிய ஒருவருக்கு வலிப்பு மருந்து தொடங்கப் போகிறார்கள், அல்லது இருப்பதை மாற்றப் போகிறார்கள் என்றால், கையில் உள்ள வழிகள் எவை, அவை இதயத்தை எப்படித் தொடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். முடிவு மருத்துவருடையது. அந்த முடிவுக்குத் தேவையான தகவலில் பாதி நம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

முதலில், வலிப்பு மருந்துக்கு இதயத்தில் என்ன வேலை? நரம்புச் செல்லும் இதயத் தசைச் செல்லும் மின்துடிப்பை உண்டாக்குவது ஏறத்தாழ ஒரே முறையில்தான். செல்லின் சுவரில் உள்ள சோடியம் வாய்க்கால்கள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, துடிப்பு அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. ஃபெனிட்டோயின், கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், லாகோசமைடு எல்லாமே இந்த வாய்க்கால்களை அடக்கித்தான் வலிப்பை நிறுத்துகின்றன. மூளைக்கு மட்டும் போ என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. இதயத்தின் மின்பாதையையும் அது கொஞ்சம் மந்தமாக்குகிறது. நல்ல இதயத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே தேய்ந்துபோன பாதைக்கு அந்தக் கொஞ்சமே அதிகமாகிவிடலாம்.

முதுமையில் புதிதாக வரும் வலிப்புக்குக் கண்டறியப்படும் காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்கு. மூளையின் ரத்தக்குழாயைக் கெடுத்த அதே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதயத்தின் ரத்தக்குழாயையும் விட்டுவைத்திருக்காது. அதனால் வலிப்பு மருந்து தேவைப்படும் முதியவர்களில் பலர், அந்த மருந்தை இதயம் தாங்குமா என்று கேட்க வேண்டியவர்களும்கூட. இளம் வயதில் வலிப்பு வந்தவரிடம் பெரும்பாலும் எழாத கேள்வி இது.

மருந்துப் பெயர்களுக்குப் போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘ஹார்ட்ல பிளாக்’ என்று நாம் வீட்டில் சொல்வது ரத்தக்குழாய் அடைப்பை. மருத்துவர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு ‘ஹார்ட் பிளாக்’ என்று சொல்வது மின்பாதைத் தடையை. இரண்டும் வேறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு மின்பாதை சரியாக இருக்கலாம். ரத்தக்குழாய் சுத்தமாக இருப்பவருக்கு மின்பாதை பழுதாகியிருக்கலாம். வலிப்பு மருந்து எழுதப் போகும் மருத்துவர் கேட்கும்போது எது என்று சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துத் தேர்வு இதில் மாறும்.

மருந்துக்கு முன்னால் ஈசிஜி

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், மருந்து தொடங்கும் முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள் என்பேன். சில நிமிட வேலை, வலி கிடையாது. அதில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். பிஆர் இடைவெளி என்பது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் இறங்கும் நேரம். 120 முதல் 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் இயல்பு. க்யூஆர்எஸ் என்பது கீழறைக்குள் அது பரவும் நேரம். 120 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இயல்பாக இருந்து, இதய நோயும் இல்லை என்றால் ஏறத்தாழ எல்லா மருந்துகளும் பட்டியலில் இருக்கும். இரண்டில் ஒன்று நீண்டிருந்தால் பட்டியல் சுருங்குகிறது.

ஈசிஜிக்கு இன்னொரு பயனும் உண்டு, எங்கள் வீட்டில் தவறவிட்டது அதைத்தான். துடிப்பு சில நொடி நின்றாலோ மிகவும் குறைந்தாலோ மூளைக்கு ரத்தம் போகாமல் மயக்கம் வரும், அப்போது கைகால் வெட்டி இழுக்கவும் செய்யும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வலிப்பேதான். முகம் வெளுத்து, சட்டென்று விழுந்து, அரை நிமிடத்துக்குள் தெளிவாகப் பேசத் தொடங்கினால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டு, எழுந்த பிறகு வெகுநேரம் குழப்பமாக இருந்தால் வலிப்பின் பக்கம் சாயும். இதயத்தால் வந்த மயக்கத்துக்குச் சோடியம் வாய்க்காலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், நோயைக் கூட்டும் மருந்தையே கொடுத்ததாகிவிடும். அரிதாக, உண்மையான வலிப்பே சில நொடிகள் இதயத்தை நிறுத்துவதும் உண்டு. குழப்பம் தீராவிட்டால் இதயத் துடிப்பையும் மூளையின் மின் அலையையும் ஒன்றாகப் பதிவு செய்து பார்ப்பார்கள்.

பழைய இரண்டு: கார்பமாசெபின், ஃபெனிட்டோயின்

கார்பமாசெபின் பற்றிப் படித்தபோது என்னை உலுக்கிய தகவல் ஒன்று. இளைஞர்களுக்கு இந்த மருந்தால் இதயக் கோளாறு வருவது பெரும்பாலும் அளவுக்கு மீறி விழுங்கினால்தான், அப்போதும் துடிப்பு வேகமாக ஓடும். முதியவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, ரத்தத்தில் மருந்தளவு சரியான எல்லைக்குள் இருக்கும்போதே துடிப்பு மந்தமாகி மின்பாதைத் தடை வந்த நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் அளவு சரி என்று வந்தால் இதயம் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்பாதைத் தடை உள்ளவருக்கு இந்த மருந்து கூடாது என்பதே பல நாடுகளில் மருந்துக் குறிப்பில் உள்ள எச்சரிக்கை.

நேரடித் தாக்கத்தைவிட இதன் மறைமுகத் தாக்கம்தான் அதிகம் பேரைத் தொடுகிறது. கார்பமாசெபினும் ஃபெனிட்டோயினும் பழைய ஃபீனோபார்பிட்டாலும் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட கல்லீரல் மற்ற மருந்துகளை வேகமாகக் கழித்துவிடுகிறது. மேலறை படபடப்பு (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) உள்ளவர் ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் அல்லது ரிவராக்ஸபான் எடுத்துக்கொண்டிருப்பார். கூடவே கார்பமாசெபின் சேர்ந்தால், மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாலும் ரத்தத்தில் அது போதிய அளவு நிற்காது. பக்கவாதத்தைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. வலிப்பை அடக்கப் போய் அடுத்த பக்கவாதத்துக்குக் கதவு திறந்துவிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்க எடுப்பது வார்ஃபரின் என்றால் இன்னொரு சிக்கல். கார்பமாசெபினுக்கு ஏற்ப வார்ஃபரின் அளவை உயர்த்தியிருப்பார்கள். பிறகு கார்பமாசெபினை நிறுத்தினால் வார்ஃபரின் ரத்தத்தில் ஏறி, ரத்தக்கசிவு வரலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் வேலையும் குறைகிறது. மறுபக்கம், வெராபமில், டில்டியாசெம் போன்ற இதய மருந்துகள் கார்பமாசெபினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், துடிப்பையும் அவையே குறைக்கும். இரட்டை அடி.

அப்புறம் உப்பு. கார்பமாசெபினும், அதைவிட அதிகமாக ஆக்ஸ்கார்பசெபினும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். தையசைடு வகை நீர்மாத்திரை எடுத்துக்கொள்ளும் முதியவருக்கு இது சேர்ந்தால் குழப்பம், தள்ளாட்டம், சில வேளை வலிப்பே திரும்பி வரும்.

ஃபெனிட்டோயின் 1938-லிருந்து வலிப்புக்குப் பயன்படுகிறது. ஒரு காலத்தில் டிகாக்ஸின் என்ற இதய மருந்து நஞ்சேறியதால் வந்த துடிப்புக் கோளாறுக்கே இதை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையாக எடுத்தால் துடிப்பைக் கெடுப்பது அரிது. ரத்தநாளம் வழியாக ஊசியில் வேகமாக ஏற்றினால்தான் ரத்த அழுத்தம் விழுவதும் துடிப்பு தடுமாறுவதும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான உச்சவரம்பு. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதைவிட நிதானமாக, ஈசிஜி திரையைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். நீண்டகால மாத்திரையாக இதை ஒரு முதியவருக்குப் புதிதாகத் தொடங்க எனக்கு மனம் வராது. அளவில் சிறிது கூட்டினாலே ரத்தத்தில் எகிறிவிடும், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை எண்ணும் ஏமாற்றும்.

லாமோட்ரிஜின்: கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது

பல வருடமாக முதியவர்களுக்கு மிகவும் ஏற்ற மருந்து என்று பெயர் வாங்கியது இது. 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், புதிதாக வலிப்பு வந்த 593 முதியவர்களுக்கு மூன்று மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் விலகியவர்கள் கார்பமாசெபினில் 31 சதவீதம், கபாபென்டினில் 21.6, லாமோட்ரிஜினில் 12.1. வலிப்பைக் கட்டுப்படுத்துவதில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதை விழுங்க முடிய வேண்டும் அல்லவா, அந்த வகையில் லாமோட்ரிஜின் ஜெயித்தது.

பிறகு 2021 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இதய நோய் உள்ளவர்களுக்கு லாமோட்ரிஜின் துடிப்புக் கோளாறைத் தூண்டக்கூடும் என்றது. பலர் பயந்துபோனார்கள், நன்றாக இருந்தவர்களின் மருந்தை மாற்றியதும் நடந்தது. அந்த எச்சரிக்கை எதை வைத்து வந்தது என்று பார்க்க வேண்டும். சோதனைக்கூட ஆய்வில், சிகிச்சைக்குக் கொடுக்கும் அளவிலேயே இந்த மருந்து இதயத்தின் சோடியம் வாய்க்கால்களை அடக்குவது தெரிந்தது. அதாவது கீழறைக்குள் மின்பரவலை மந்தமாக்கி க்யூஆர்எஸ்ஸை அகலமாக்கக்கூடும். மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகள் கூட்டமாகப் பாதிக்கப்பட்டதைப் பார்த்து எழுந்த எச்சரிக்கை இல்லை இது. அதன் பிறகு சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகமும் அமெரிக்க வலிப்புச் சங்கமும் சேர்ந்து அமைத்த குழு பதற்றத்தைத் தணித்தது. இதய நோய் இல்லாத இளையவர்களுக்குக் கூடுதல் பரிசோதனை தேவையில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதய நோய் தெரிந்தவர்களுக்கும் ஈசிஜி எடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் இதய மருத்துவரைக் கலந்துகொள்ளலாம்.

என் பார்வையில் முதியவர்களைப் பொறுத்தவரை எச்சரிக்கையும் சரி, தணிப்பும் சரி. ஈசிஜி இயல்பு, எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்குகிறது, மாரடைப்பு வந்ததில்லை என்றால் லாமோட்ரிஜின் இன்றும் அருமையான தேர்வு. கற்றைக் கிளைத் தடை (கீழறைக்குள் மின்பாதையின் ஒரு கிளை தடைபடுவது), இதயச் செயலிழப்பு, பழைய மாரடைப்புத் தழும்பு இருந்தால் வேறு மருந்தைத் தேடுவதே நல்லது. பல வருடமாக இதே மருந்தில் வலிப்பின்றி இருப்பவர் செய்தியைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. ஈசிஜி எடுத்துக் காட்டிவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

இதன் இன்னொரு குறை, அவசரத்துக்கு உதவாது. தோலில் கடுமையான ஒவ்வாமை வராமலிருக்க வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கூடவே போனால் அதைவிடவும் மெதுவாக, ஏனென்றால் அது லாமோட்ரிஜின் அளவை ரத்தத்தில் இரட்டிப்பாக்கிவிடும்.

லாகோசமைடு

2008-ல் அனுமதி பெற்ற புதிய மருந்து. மற்ற மருந்துகளோடு அதிகம் சண்டை போடாது, ஊசியாகவும் கிடைக்கும், மூளை மருத்துவர்களுக்கு இதைப் பிடிக்கக் காரணம் அதுதான். ஆனால் அளவு கூடக்கூட பிஆர் இடைவெளியை நீட்டும். மின்பாதைத் தடை, மேலறை படபடப்பு, மேலறைத் துடிப்பு மிகைப்பு ஆகியவை பதிவாகியிருக்கின்றன. இரண்டாம், மூன்றாம் படித் தடை (மேலறைத் துடிப்புகளில் சிலவோ எல்லாமுமோ கீழறைக்கு இறங்காத நிலை) உள்ளவருக்கு ஐரோப்பாவில் இதைக் கொடுக்கவே கூடாது. மெட்டோப்ரொலால், அட்டெனலால், டில்டியாசெம், டிகாக்ஸின் என்று துடிப்பைக் குறைக்கும் எதையாவது எடுத்துக்கொள்பவருக்கு இது சேரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஈசிஜியைத் தொடங்கும் முன் ஒரு தடவை, முழு அளவுக்கு ஏற்றிய பிறகு ஒரு தடவை எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது தடவைதான் மறந்துபோவது. ஒரு விதிவிலக்கு: பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு, மின்பாதைத் தடையால் துடிப்பு விழுந்துவிடும் என்ற பயம் பெரிதும் குறைந்துவிடும்.

லெவெடிரசெட்டம்: இதயத்துக்கு இதமானது, மனதுக்கு எப்போதும் இல்லை

இது சோடியம் வாய்க்காலைத் தொடுவதில்லை. நரம்பு முனையில் உள்ள ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. கல்லீரல் நொதியைத் தூண்டுவதில்லை, வேகமாக ஏற்றலாம், ஊசியும் உண்டு. மின்பாதைத் தடையோ இதயச் செயலிழப்போ உள்ள முதியவருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 60 வயதுக்கு மேற்பட்ட 359 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 58 வாரம் கழித்தும் அதே மருந்தில் நீடித்தவர்கள் லெவெடிரசெட்டத்தில் 61.5 சதவீதம், லாமோட்ரிஜினில் 55.6, மெதுவாகக் கரையும் கார்பமாசெபினில் 45.8.

குறையே இல்லையா? உண்டு. அரிதாக, ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி (கீழறை துடித்து மீண்டும் தயாராகும் நேரம்) நீண்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. அமியோடரோன், சொட்டலால் போல அதை நீட்டும் மருந்து எடுத்துக்கொள்பவர் ஒரு தடவை ஈசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், கிரியாட்டினினைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். வயதானவரின் சிறுநீரகம் அறிக்கையில் தெரிவதைவிடப் பலவீனமாக இருப்பது வழக்கம், அளவைக் குறைக்காமல் விட்டால் நாள் முழுக்கத் தூங்கி வழிவார்கள்.

பெரிய குறை குணத்தில் தெரியும். சாதுவாக இருந்த அப்பா எரிந்து விழுவார். அம்மா காரணமில்லாமல் அழுவார். வயசானா இப்படித்தான் என்று குடும்பம் அதை விட்டுவிடும். மருந்து தொடங்கி சில வாரத்துக்குள் குணம் மாறினால் அது வயதின் வேலை இல்லை, மாத்திரையின் வேலையாக இருக்கலாம். ஏற்கெனவே மனச்சோர்வோ மறதி நோயோடு சேர்ந்த கோபமோ இருந்தால், ஈசிஜி அனுமதிக்கும் பட்சத்தில், லாமோட்ரிஜின் மேல்.

மற்றவை, சுருக்கமாக

வால்ப்ரோயேட் துடிப்பைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் நடுக்கம், தட்டணுக்கள் குறைதல், அம்மோனியா ஏறி மந்தமாதல் எல்லாம் முதியவர்களைப் பாடாய்ப்படுத்தும். ஆஸ்பிரினோ ரத்த உறைவுத் தடுப்போ எடுப்பவருக்கு ரத்தக்கசிவுக் கவலையும் சேரும். கபாபென்டின் மற்ற மருந்துகளோடு மோதாது, தலைச்சுற்றலும் கால்வீக்கமும் தரும். பிரிகாபலினும் அப்படியே, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அதைக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். வீங்கிய காலைப் பார்த்து இதயம் மோசமாகிவிட்டது என்று நினைப்பதும், இதயம் உண்மையாகவே மோசமானதை மாத்திரை வீக்கம் என்று விடுவதும் இரண்டுமே நடக்கின்றன. ரூஃபினமைடும் செனோபமேட்டும் க்யூடியைச் சுருக்கும், பரம்பரையாகக் குறுகிய க்யூடி உள்ளவருக்கு ஆகாது.

விடாத வலிப்போடு அவசரப் பிரிவுக்குப் போனால் கதை வேறு. அங்கே நிமிடங்கள்தான் முக்கியம். முதல் மருந்துக்கு அடங்காத வலிப்பில் லெவெடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிட்டோயின் (ஃபெனிட்டோயினின் ஓர் ஊசி வடிவம்), வால்ப்ரோயேட் மூன்றையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், முறையே 47, 45, 46 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. பலன் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, பலவீனமான இதயம் உள்ளவருக்கு எதை ஏற்றுவது என்பதை இதயமே தீர்மானிக்கலாம். அதற்கு, இவருக்கு ஹார்ட் பிளாக் உண்டு, இன்ன மாத்திரை எடுக்கிறார் என்று வாசலிலேயே சொல்ல யாராவது வேண்டும்.

எந்த மருந்தானாலும், தொடங்கிய பிறகு வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. காலையில் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பார்த்துக் குறித்து வையுங்கள். 50-க்குக் கீழே போனாலோ, எழும்போது கண் இருட்டினாலோ, விழுந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் தொடர் வலிப்பு உயிருக்கே ஆபத்து, கட்டுப்படாத வலிப்பும் இதயத்தைச் சோதிக்கத்தான் செய்யும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த அளவிலேயே வலிப்பு அடங்கிவிடுகிறது என்பதால், அளவைக் கூட்டச் சொன்னால் ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு இப்போது கன்ன வலிக்குக் கபாபென்டின், சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைத்த அளவில். அட்டெனலாலையும் மாற்றிவிட்டார்கள். கால் லேசாக வீங்குகிறது, மாலையில் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கோப்பில் முதல் தாளாகப் பழைய ஈசிஜி இருக்கிறது, அதன் பின்பக்கம் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம்.